பல்லியும் சத்தப் பூட்டும்

ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் சாவியே இல்லாத பூட்டு ஒன்று இருந்தது. முதலாளியின் செல்போன் மெல்லக் கீச்சிட்டால்தான் அது திறக்கும். ஒரு சாயங்காலம் தாய்ப்பல்லி பூச்சி பிடிக்க வெளியே வந்த நேரம் கதவு சாத்திக்கொண்டது. குட்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

விடிந்ததும் பல்லி, தான் கேட்டிருந்த அந்தக் கீச்சை அப்படியே கத்திப் பார்த்தது.

"அது நேத்து சத்தம்க்கா. இன்னைக்கு வேற," என்றது பூட்டு.

பல்லிக்குத் தலை சுற்றியது. "தினம் ஒரு குரல்ல பேசுற செல்போனை நம்புவே, எப்பவும் ஒரே குரல்ல பேசுற என்னை நம்பமாட்டியா? பெத்தவடா நான்!"

"எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அப்போது முதலாளி செல்போனும் கையுமாகப் படியேறினார். பல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சீக்கிரம் திறங்க!" என்று கத்தியது.

முதலாளி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார். "பல்லி சொல்லுதே, சகுனம் சரியில்ல. அப்புறம் வரலாம்," என்று திரும்பி நடந்தார்.

"யாரு என்னன்னுகூடக் கேட்காம உன் பேச்சை நம்பிட்டாரேக்கா!" என்று பூட்டும் குழம்பியது.

உள்ளேயிருந்து குட்டி, "அம்மா," என்று கூப்பிட்டது. பதில் சொன்னால் என்ன ஆகுமோ என்று தெரியாமல், பல்லி வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது.