அதிகாரியின் தட்டு

இப்போதெல்லாம் மனுஷன் மூஞ்சியைப் பார்த்துப் பேச எவனுக்கும் தைரியமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டியை முன்னால் தள்ளிவிடுகிறான்கள் என்று முனகிக்கொண்டே சடையாண்டி முகாமின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார். மறுநாள் அவர் மகள் வளர்மதியின் படைப்பிரிவு பனிமலை எல்லைக்குப் போகிறது. அதை நடத்திப்போகும் அதிகாரியை நேரில் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வந்திருந்தார்.

“இவர்தான்பா எங்க அதிகாரி” என்றாள் வளர்மதி. தலைமை நாற்காலியில், தானே யோசித்துப் பேசும் சாம்பல் நிற இயந்திரப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முன்னால் கறிக்குழம்பு ஊற்றிய சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“இதுக்கு எதுக்கு தாயி சோறு?”

“அதிகாரி கடைசியாத்தான் சாப்பிடணும்கிறது படை வழக்கம்பா. அதை விடக்கூடாதுல்ல?”

சடையாண்டி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “ஏய், பனியில வழி அடைச்சு, ஒரு ஆள் சோறுதான் மிஞ்சுதுன்னு வையி. யாருக்குக் குடுப்ப?”

“மிகவும் தளர்ந்தவருக்கு, ஐயா. எனக்கு வேண்டாம்.”

“பசிக்காதவன் விட்டுக்குடுக்கிறது ஒரு பெருமையா? என் மக பசி உனக்கு எப்படிடா தெரியும்?”

“தெரியாது. நீங்கள் பட்டினி கிடந்திருக்கிறீர்களா? எப்படி இருக்கும், சொல்லுங்கள்.”

எந்த அதிகாரியும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தட்டைத் தூக்கி மகள் கையில் கொடுத்தார்.

“இதையும் நீயே சாப்பிடு. அங்கேயும் இவன் பங்கை விட்டுடாத.”

“பட்டினி எப்படி இருக்கும், ஐயா?” பெட்டி மறுபடியும் கேட்டது.

“அங்க என் மககிட்டயும் இப்படிக் கேட்டுக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.