கடித்த நாய்க்குச் சோறு

நாய் தட்டை நக்கி முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்பது போல வாலை ஆட்டியது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற றமீஸாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பாருங்க செவனு அண்ணே, ஒரு பருக்கை மிச்சமில்ல!"

"அதான் செவ்வாக்கெழமையிலருந்து அள்ளி அள்ளித் திங்குதே. நீதான் வேளைக்கு வேளை புதுசாப் பாக்குற" என்று சிரித்தபடி செவனு முயல்களுக்குப் புல் போட்டான்.

பல்லேபொலைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் வைத்திருந்த மிருகப் பராமரிப்பு நிலையம் அது. மிருக வைத்தியம் படிக்கும் றமீஸாவுக்கு விடுமுறையில் அங்கேதான் வேலை. கூண்டு கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும். செவனு பல வருடமாக அங்கே இருக்கும் வேலையாள்.

அந்த நாய் மட்டும் நிலையத்து நாய் அல்ல. அலுவிகாரையில் அவளுடைய தம்பி நுஹ்மானின் காலைக் கடித்த தெரு நாய். தடியோடு ஓடிவந்தவர்களை வாப்பா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி, நாயைப் பலாமரத்தில் கட்டிவைத்தார். அது கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண்.

கொல்ல வேண்டாம் என்று சொன்னவர் ஆஸ்பத்திரி டொக்டர். "கட்டி வச்சுப் பாருங்க. வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் நல்லா இருந்தா அதுக்கு விசர் நோய் இல்ல, பையனுக்கு ஊசியும் வேணாம். நடுவுல சோறு தின்னாமக் கெடந்தாலோ, செத்தாலோ, அந்த நிமிசமே இவனத் தூக்கிட்டு வந்துறணும்."

தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி. பேரைக் கேட்டதுமே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான், பாவம்.

விரிவுரையாளர் இராஜசிங்கத்திடம் மட்டும் உண்மையைச் சொல்லி, றமீஸா நாயை நிலையத்துக் கூண்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். செவனுவிடம் அவள் மூச்சுவிடவில்லை. கடித்த நாய் என்று தெரிந்தால் தடியைத் தேடாத மனிதர் யார்? "எங்க தோட்டத்து நாய் அண்ணே, சொகமில்ல. கம்பிக்கு வெளியில இருந்தே தட்டத் தள்ளுங்க. கைய மட்டும் உள்ள விட்டுறாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மாலை நாய் சோற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. றமீஸா கூண்டின் முன்னால் அப்படியே குந்தி அழுதுவிட்டாள்.

"இதென்ன கூத்து! நாய் மேல பட்டாலே ஏழு தடவ கழுவுற வீட்டுப் புள்ள, நாய்க்காக ஒப்பாரி வைக்குது" என்று செவனு கேலி செய்தான். அவள் அழுகை நிற்கவில்லை. அவன் குரல் இறங்கிப் போயிற்று. "சரி சரி, அழுவாத தங்கச்சி. கடைசி பஸ்ஸ விட்டுறாத, போ. நான் பாத்துக்கிறேன்."

தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் காலை ஒரு தடவை பார்க்க ஓடிவந்தாள். நாய் நின்றுகொண்டு சோறு தின்றது! கழுத்தில் கயிறு அறுத்த புண்ணைக்கூடக் காணவில்லை. குச்சியில் துணி சுற்றித் தான் பூசிவிட்ட மருந்து இவ்வளவு நல்ல மருந்தா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து திரும்பிய இராஜசிங்கம் நேரே கூண்டுக்கு வந்தார். குனிந்து நாயின் கண்ணைப் பார்த்தார். தண்ணீர் வைக்கச் சொல்லி, அது குடிப்பதையும் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லை. விசர் எண்டால் இது இண்டைக்கு உயிரோட இராது. தம்பிக்கு ஊசி வேண்டாமெண்டு வீட்டில போய்ச் சொல்லும், பிள்ளை."

போய்ச் சொல்லத் தேவையிருக்கவில்லை. உம்மா நுஹ்மானையும் கூட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"ஊசி இல்லையா? நெசமா, ராத்தா? அல்லாஹ் மேல ஆணையா?" என்று பையன் அக்காவின் கையைப் பிடித்துத் தொங்கினான்.

"இல்லடா வாலு!"

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த இனிப்பு வட்டிலப்பச் சட்டியோடு நேரே செவனுவிடம் போனார்.

"இந்தாங்க தம்பி. ஒங்களுக்கு நாங்க என்ன செஞ்சாலும் தீராது."

"ஐயோ, எனக்கு எதுக்குங்கம்மா? ஒரு நாய்க்குச் சோறு வச்சதுக்கா?"

"மகள் சொல்லலையா? இது எங்க தோட்டத்து நாய் இல்ல தம்பி. இவனக் கடிச்ச நாய். அடிச்சுப் போட்டுருவீங்கன்னு பயந்து மறைச்சிருக்கா. இது செத்திருந்தா அன்னைக்கே இவனுக்கு ஊசி போட்டிருக்கணும். போடாட்டி புள்ள எங்களுக்கு இல்ல. நீங்க கண்ணும் கருத்துமாப் பாத்ததாலதான் இது பொழச்சுது, இவனும் பொழச்சான்."

நீட்டிய சட்டியை செவனு வாங்கவில்லை. முற்றத்தில் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி விளையாடிக்கொண்டிருந்த பையனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணே? கோவமா?" என்று றமீஸா சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

அவன் கூண்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

"நீ அழுததப் பாக்க மாட்டாமத்தான் தங்கச்சி... செத்ததப் பொதைச்சுட்டு, அதே நெறத்துல வேற ஒன்னப் புடிச்சாந்து விட்டேன்."