கை ஊன்றாமல்

"நாற்காலியில கை ஊன்றாம எழுந்திருங்க, ஐயா," என்கிறார் டாக்டரம்மா. புற்றுநோய் மருந்தை இந்த வயதில் உடம்பு தாங்குமா என்று பார்க்கிற சோதனை. "மலையேத்தத்துல லோடு லாரி ஓட்டினவன்மா நான். இதெல்லாம் எனக்குத் தூசு!" என்று கைகளை மார்பில் கட்டிக்கொள்கிறார் பெரியவர். வாரம் முழுக்க வீட்டில் எழுந்து பழகிய தெம்பு. மனைவி நாற்காலியை ஒட்டி நிற்கிறார். நாற்காலி முனகுகிறது, அவர் முகம் மெல்ல ஜன்னல் வெயிலுக்குள் ஏறுகிறது. எழுந்து நின்றே விடுகிறார். முகமெல்லாம் வெற்றி. டாக்டரின் பார்வையோ அவர் முதுகுக்குப் பின்னால் போகிறது. அங்கே மனைவியின் கை அவர் இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தினமும் போன கை, இங்கேயும் தானாகப் போயிருக்கிறது. "அந்தக் கையை எடுத்துடுங்கம்மா," என்கிறார் டாக்டர், தணிந்த குரலில். "எந்தக் கை?" என்று கேட்கிறார் பெரியவர், சிரிப்பு மாறாமல்.