பிரேக் குழாயில் காற்று

"மிதிங்க!"

பின்சக்கரத்துப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்ததும் தபால்காரர் பிரேக் பெடலை மிதித்தார்.

"பிடிங்க... பிடிங்க... இப்ப விடுங்க."

விட்டார்.

"இன்னும் காத்து வருது. மறுபடியும்."

ஒரு காருக்குள் எவ்வளவு காற்றுதான் இருக்கும் என்று அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றெல்லாம் போய் எண்ணெய் மட்டும் நின்றால் பெடல் கல் மாதிரி எதிர்த்து நிற்கும். ஸ்பானர் அவர் கையில் இருந்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும். இவள் ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவரால் குனிய முடியாது.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து வலது கால், முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது. தொடையிலிருந்து உந்தித் தள்ளினால் அது எங்கோ போய் எதிலோ முட்டி நிற்கும். எதில் முட்டியது, அமுங்கியதா, அமுங்கவில்லையா, ஒன்றும் தெரியாது.

பயிற்சி கொடுத்தால் திரும்பி வரும், இப்போது விட்டுவிட்டால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவரை அவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். "ரப்பர் பந்தை உருட்டச் சொல்றான். நான் என்ன தவழுற புள்ளையா?" என்று கத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். தெருத் தெருவாகக் கடிதம் கொண்டுபோன மனிதர் படுக்கையை விட்டு இறங்கவில்லை.

அப்புறம் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். காரை எடுத்துக்கொண்டு போகட்டும். கால் இல்லாதவனுக்குக் கார் எதற்கு?

துருப்பிடித்த வெறும் கூடாக வந்த கார் அது. விடுமுறை நாளெல்லாம் ஷெட்டிலேயே கிடந்து, சுரண்டி, ஒட்டுப் போட்டு, தேய்த்துத் தேய்த்து அவர் மெருகேற்றியது. மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "அதுக்குத் தேய்ச்சதுல பாதி என் முதுகுக்குத் தேய்ச்சிருந்தா நான் ஓடியாடித் திரிவேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

சக்களத்தி தொலைந்தாள் என்று துள்ளிக் குதிப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிரேக் பிடிக்காத வண்டியையா என் தம்பி தலையில கட்டப் போறீங்க? காத்தை எடுத்துட்டுக் கொடுங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அரைகுறையாக விட்டான் என்ற பேச்சு மட்டும் அவருக்கு ஆகாது.

மறுநாளே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். கையால் முழங்காலைத் தள்ளக் கூடாது. தள்ளினால் அழுத்தம் சீராக வராதாம். பெரிய மெக்கானிக்!

நடுவில் எட்டிப் பார்த்த மச்சான், "அக்கா, உள்ள காத்து இல்ல, காத்தாடியே சுத்துது போல" என்று சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனான்.

"என்ன, தூங்கிட்டீங்களா? மிதிங்க!"

பல்லைக் கடித்தார். இன்றைக்கு இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்காமல் மிதித்தார்.

எதுவோ அவரைத் திருப்பித் தள்ளியது.

பெடலுக்கு அடியில் ஸ்பானர் கிஸ்பானர் மாட்டிக்கொண்டதா என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பெடலும் அவர் பாதமும்தான்.

மறுபடி மிதித்தார். கட்டைவிரலுக்குக் கீழே, தடித்த ஒரு இடத்தில், நிச்சயமாக, அது தள்ளியது.

கால் சொல்கிறது!

கத்தப் போனவர் வாயை மூடிக்கொண்டார். கால் சொன்ன சேதி அப்போதுதான் முழுதாக மண்டையில் ஏறியது.

பெடல் கல் மாதிரி இருந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியைத் தலையில் இடிக்கிறது என்று அவள் தினமும் மடக்கி வைத்துவிடுவாள். சத்தமில்லாமல் கையை வெளியே நீட்டி அதைத் திருப்பினார்.

பின்சக்கரம் மாட்டியாகிவிட்டது. நட்டுகள் முறுக்கி, மூடிகூடப் போட்டிருந்தது. ஸ்பானரும் ரப்பர் குழாயும் சுவரில் ஆணியில் தொங்கின. அவற்றுக்கு நடுவே சிலந்தி ஒன்று வலை பின்னிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

அவள் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பட்டாணியில் இல்லை. திறந்திருந்த கதவு வழியாக அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிடிங்க... பிடிங்க... ம், விடுங்க. இன்னும் வருது."

அவர் கண்ணாடியைப் பழையபடி மடக்கி வைத்தார்.

"ஆமாடி. இது லேசுல போற காத்து இல்ல. ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு."

பின்னால் பட்டாணி உரிபடும் சத்தம் நின்றது.

அவள் சொல்லட்டும் என்று காத்திராமல் அவர் மிதித்தார்.