ஒரு திட்டு பின்னுக்கு

இது எனக்கு எடித்தோடு படிப்பிக்கும் பிறின்சி சொன்னது. நான் நேரில் காணவில்லை.

இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு எடித் தாழ்வுபாடு என்ற கரையோர ஊரில் பின்னேர வகுப்பு எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் பேசத் தொடங்கினாலே, "இந்தியா வாயைத் திறக்குது" என்று மற்றதுகள் நக்கலடிக்கும். ஊர்ச்சொல் பழகினால் நக்கல் நிற்கும் என்று அவள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள்.

சுவரில் கடல். ஒரு பக்கம் இராமேஸ்வரம், மறுபக்கம் தலைமன்னார், நடுவில் மணல் திட்டுகள். பிள்ளைக்கொரு கடதாசி வள்ளம். படத்தைப் பார்த்து ஊர்ச்சொல் சொன்னால் வள்ளம் தலைமன்னார்ப் பக்கம் ஒரு திட்டு முன்னுக்கு. இந்தியச் சொல் சொன்னால் ஒரு திட்டு பின்னுக்கு.

பிள்ளைகளுக்குச் சரியான புழுகம், துள்ளித் துள்ளி விளையாடினார்கள். றொஷேலுக்கு மட்டும் கதிரைப் படத்தைக் காட்டினால் 'நாற்காலி'தான் வாயில் வரும். கரைக்குக் கிட்டப் போன வள்ளம் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வந்தது.

"கதிரை, பிள்ளை, கதிரை" என்று எடித் சிரித்துக்கொண்டே தள்ளுவாள்.

ஒருநாள் பார்த்தால் சுவரில் றொஷேலின் வள்ளம் இல்லை. அவளுடைய புத்தகப் பைக்குள் இருக்கிறதென்று பக்கத்திலிருந்த டினேஷ் காட்டிக்கொடுத்தான். தோற்கத் தெரியாத பிள்ளை, களவும் பழகிவிட்டது என்று எடித்துக்குக் கோபம்.

"ஏன் பிள்ளை எடுத்தனீர்?"

றொஷேல் பையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் ஒரு தடவை தள்ளினா ராமேஸ்வரம் போயிரும், டீச்சர். படகுல அம்மாவும் தம்பியும் இருக்காங்க."

எடித் வள்ளத்தை வாங்கிப் பார்த்தாள். உள்ளே பென்சிலால் கீறிய மூன்று தலைகள். சின்னத் தலை சிரித்துக்கொண்டிருந்தது.

'படகு' என்றதை அவள் திருத்தவில்லை. அந்த வள்ளத்தைத் தலைமன்னார் இறங்குதுறையில் ஒட்டினாள். பிறகு மற்றப் பிள்ளைகளின் வள்ளங்களையும் அங்கேயே கொண்டுபோய் ஒட்டினாள்.

"அப்ப நாற்காலியும் சரியோ, ரீச்சர்?" என்று டினேஷ் கேட்டான்.

பாத்துச் சொல்லுறன் என்றாளாம் எடித். பிறின்சி அதை என்னிடம் கேட்டாள். நான் அகராதியை எடுத்துப் பார்த்தேன்.

நாற்காலி தமிழ். கதிரைதான் கடலால் வந்தது, போர்த்துக்கேயரின் கப்பலில்.