பார்த்தாலே தெரியும்

“ஏரிக்கரை உடைகிறது, மேட்டுக்கு ஓடுங்கள்” என்ற எச்சரிக்கையைச் சுமந்துகொண்டு ஒரு படம், பார்வையில்லாத அஞ்சலையின் போனில் வந்து இறங்கியது. திரையில் வரும் எழுத்தை அவளுக்கு வாசித்துச் சொல்லும் போனின் குரல் அந்தப் படத்திடம் ஓடியது.

“உனக்குள்ள என்ன எழுதியிருக்கு? சீக்கிரம் சொல்லு!”

“பாத்தாலே தெரியுமே! எவ்வளவு பெரிய சிவப்பு எழுத்து!”

“எனக்கு ஏது கண்ணு? கூடவே ஒரு வரி டைப் பண்ணி அனுப்பியிருந்தா வாசிச்சிருப்பேன்.”

“அதெல்லாம் எவன் கேக்கப்போறான்னு அனுப்பினவங்க விட்டுட்டாங்க.”

அஞ்சலை திரையைத் தட்டினாள். “படம்,” என்றது குரல். மறுபடி தட்டினாள். “படம்.”

வாசலைத் தாண்டித் தண்ணீர் வந்தது. அவள் பதறியதில் போன் நழுவி விழுந்து திரை அணைந்தது.

“ஐயோ, இருட்டாயிடுச்சே! இனி என்னை யாரு பாப்பாங்க? நீயாவது எடுத்துச் சொல்லேன்!” என்று படம் அலறியது.

குரல் தொண்டை கிழியக் கத்தியது: “படம்! படம்!”