என் கிடாரில் கை வைக்காதே

“மாப்ளே, கடைசியா சொல்றேன். இன்னைக்கு என் கிடார்ல கை வைக்காதே.”

“சரி மச்சான்” என்றார் உருண்டை.

போன வாரமும் இதே ‘சரி’தான் சொன்னார். சொல்லிவிட்டு மேடையில் போய்க் கை வைத்தார்.

‘நெட்டையும் உருண்டையும்’ என்று போஸ்டர் ஒட்டினால் போதும், ஹால் நிரம்பிவிடும். இருபது வருஷமாக ஒரே மேடை. கிடாரில் நெட்டை புலி. அவர் விரல் ஓடுகிற வேகத்துக்கு முன்வரிசை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். உருண்டையும் நன்றாகவே வாசிப்பார். ஆனால் நாற்காலியோடு விழுவது, கம்பியில் தாடியை மாட்டிக்கொள்வது என்று சிரிக்க வைப்பதுதான் அவர் பங்கு. போதாக்குறைக்கு நெட்டையின் தங்கையைக் கட்டியவர்.

ஆறு மாசமாகத்தான் இந்தப் புதுச் சேஷ்டை. நெட்டை தனியாக வாசிக்க உட்காரும்போது உருண்டை பூனை மாதிரி பின்னால் வருவார். கிடாரின் தலையில் இருக்கிற திருகுகளை ரேடியோ மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்புவார். கம்பியைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்.

“இன்னும் செய்தி வரலையே.”

ஹால் கொல்லென்று சிரிக்கும். நெட்டைக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? ஒருத்தர் சுருதி சேர்த்து வைத்த கிடாரை இன்னொருத்தர் தொடுவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் தட்டில் கையை விடுகிற மாதிரி. அதுவும் நெட்டை சுருதி சேர்க்க மெஷின் வைத்துக்கொண்டதே இல்லை. “என் காதைவிடவா அந்த டப்பா பெரிசு?” என்பார்.

அவருக்குப் புரியாதது வேறொன்று. உருண்டை திருகிவிட்டுப் போனபின் கம்பிகள் கன்னாபின்னாவென்றுதான் கேட்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடிக்கிறார். ஜனங்களோ எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். “தேன் மாதிரி இருந்துது சார்” என்று கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஊருக்கே காது கெட்டுவிட்டதா, இல்லை தன்னைக் கேலி செய்கிறார்களா? மண்டை காய்ந்தது அவருக்கு.

இடைவேளையில் தங்கையிடம் கொட்டித் தீர்த்தார். அவள் கணவரின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் புருஷனுக்குப் பொறாமை. இன்னைக்கும் அவன் திருகினா, நாளையிலிருந்து நான் தனி.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஏண்ணே, அவர் திருகினா அப்படி என்ன குடி முழுகிடப் போகுது?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

இடைவேளை முழுக்கக் கிடாரை மடியை விட்டு இறக்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகக் கேட்டுக் கேட்டுச் சுருதி சேர்த்தார்.

மேடையில் உருண்டை வழக்கம்போல வந்தார். நெட்டை கிடாரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நாற்காலியைச் சுற்றி இவர் ஓட, அவர் துரத்த, ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று சுற்றில் உருண்டைக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“மச்சான், ஒரே ஒரு தடவை” என்றார் மெல்ல. மைக்குக்குக் கேட்காத குரல்.

“போடா.”

நெட்டை உட்கார்ந்தார். அம்மா இறந்த வருஷம் அவரே போட்ட மெட்டு அது. மெதுவான மெட்டு. ஆறு மாசத்துக்கப்புறம் அவர் காதுக்கு அது சுத்தமாகக் கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். இரண்டாவது வரிசை சிரித்தது. பிறகு ஹாலே சிரித்தது.

பின்னால் நின்று மூஞ்சியைக் கோணுகிறானோ என்று நெட்டை திரும்பிப் பார்த்தார். உருண்டை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அப்படியென்றால் எதற்குச் சிரிக்கிறார்கள்?

அதற்குள் உருண்டை ஓடிவந்து மைக் முன்னால் தடாலென்று மண்டி போட்டார்.

“மன்னிச்சுக்கங்க. இடைவேளையில இவர் கிடாரைக் கெடுத்து வச்சது நான்தான். அதான் கிட்டவே விடாம ஓடினாரு.”

கைதட்டல் காதைப் பிளந்தது. திரை விழுந்தது.

மேக்கப் அறைக்கு வந்ததும் நெட்டை கத்தினார்.

“எப்படா தொட்டே? கிடார் என் மடியிலதானே இருந்துச்சு?”

உருண்டை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“அத்தனை பேரும் சிரிக்கிற மாதிரி என்னமோ பண்ணியிருக்கே. என்னன்னுதான் தெரியலை. போதும்டா. நாளையிலிருந்து நீ யாரோ, நான் யாரோ.”

“சரி மச்சான்.”

இந்த ‘சரி’ வேறு மாதிரி இருந்தது. உருண்டை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தங்கை கதவைச் சாத்தினாள். ஆணியில் தொங்கிய கணவரின் கோட்டுப் பையிலிருந்து சின்னதாக ஒரு சுருதி மெஷினை எடுத்துக் கிடாரின் தலையில் மாட்டினாள்.

“தட்டுண்ணே. சுருதி சரியா இருந்தா பச்சை எரியும்.”

நெட்டை முதல் கம்பியைத் தட்டினார். சிவப்பு விளக்கு. இரண்டாவதைத் தட்டினார். சிவப்பு. ஆறு கம்பிக்கும் அதே சிவப்பு.

“டப்பா ரிப்பேரு” என்றார் நெட்டை.

தங்கை தானே திருகுகளைத் திருப்பினாள். ஒவ்வொன்றாகப் பச்சை எரிந்தது.

“இப்ப வாசிச்சுப் பாரு.”

வாசித்தார். அதே கன்னாபின்னா. ஆறு மாசமாக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்த அதே சத்தம்.

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் உன் கிடாரைக் கெடுக்கலைண்ணே. உன் காது கெட்டுப்போனது ஊருக்கும் தெரியக் கூடாது, உனக்கும் தெரியக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் மேடையில வந்து சுருதி சேர்த்துக் குடுத்துட்டுப் போனாரு.”